உச்சிக்கிளையார்

"சிங்கத்தைக் கண்டதும் நான் மரத்துல ஏறிட்டேன்."

இதைச் சொல்ல ஓர் ஆம்பிளைக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டும். ஞானசிகாமணிக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்ததும் வேதக்கோவில் வாசலில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வார்.

ஆப்பிரிக்காவில் துரைமார் கூடாரங்களில் நாலு வருஷம் சமையல் பார்த்துவிட்டு, போன வருஷம்தான், 1911-இல், பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். எங்கள் ஊரில் சிங்கத்தை நேரில் பார்த்த ஒரே ஆள் அவர். அதையும் மேலேயிருந்து பார்த்தார் என்பதுதான் ஊருக்கு வருத்தம்.

"துரைமார் அங்க என்னத்துக்கு வே போறாங்க?" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

"லீவுக்குத்தான். கட்டிலு மெத்தையை விட்டுப்போட்டு, கப்பலேறி வந்து, காட்டுல துணிக் கூடாரத்துல படுத்துக்கிடுவாங்க. சிங்கம், யானை எல்லாத்தையும் பாக்கணுமாம்."

"நம்ம களக்காட்டுல புலி தானா வந்து ஆட்டைத் தூக்கிட்டுப் போவுது. அதைப் பாக்க ஒரு துரையும் கப்பலேறக் காணமே!"

சிரிப்பு அடங்கியதும் கதை தொடரும்.

"விடியக்காலம். காப்பிக்குத் தண்ணி கொதிக்குது. சிங்கம் சமையல் கூடாரத்துக்குள்ள தலையை விட்டுட்டு. நான் வெளியே பாஞ்சு, முள்ளு மரத்துல உச்சிக்கிளை வரைக்கும் ஏறிட்டேன். நம்ம அப்பாத்துரைதான் அடுப்புல கெடந்த கொள்ளியை உருவிக்கிட்டு, அது மொகத்துக்கு நேராப் போனான். சிங்கம் ஓடியே போயிட்டு!"

இந்த இடத்தில் எல்லாரும் கெசியாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பாத்துரை அவளுக்கு ஒரே மகன். ஞானசிகாமணியோடு வேலைக்குப் போனவன், சிங்கம் வந்துபோன ஒரு மாசத்தில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனான்.

கெசியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு மட்டம் சொல்லு தம்பி" என்பாள்.

அவரும் இன்னொரு மட்டம் மரத்தில் ஏறுவார்.

ஏசுவடியான் வாத்தியாருக்கு இதில் ஏகக் குஷி. 'உச்சிக்கிளையார்' என்று பட்டம் கட்டியவரே அவர்தான். பட்டம் ஊரெல்லாம் பரவி, போன வாரம் ஞானசிகாமணியை மாப்பிள்ளை பார்க்க வந்த ஆழ்வார்குறிச்சிக்காரர்களின் காதுக்கும் போய்விட்டது. காப்பியைக் குடித்த கையோடு வண்டி பூட்டிவிட்டார்கள்.

ஞானசிகாமணியிடம் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆற்றில் சட்டையோடுதான் குளிப்பார். துரைமாரோடு இருந்த பவுசு என்று அதற்கும் வாத்தியார் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

நேற்று முன்தினம் தாமிரபரணியில் தண்ணீர் கொஞ்சம் வேகம். படியில் வழுக்கிய ஞானசிகாமணியை வாத்தியார் சட்டையைப் பிடித்து இழுத்தார். முதலில் சட்டை கிழிந்து கையோடு வந்தது. பிறகு ஆள் வந்தார்.

முதுகில், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும், உழுத சால் மாதிரி நாலு தழும்புகள்.

"என்ன வே இது?"

"முள்ளு மரம்லா? எறங்கையில கீறிட்டு."

"முள்ளு, வரிசையா நாலு கோடு போடுமா வே?"

ஞானசிகாமணி துண்டை அவசரமாக முதுகில் போர்த்திக்கொண்டார். "வாத்தியாரே, உம்ம கையைப் பிடிச்சுக் கேக்கேன். கெசியா பெரியம்மா காதுல மட்டும் போட்டுறாதீரும்."

கொள்ளியோடு நின்றது யார், மரத்தில் இருந்தது யார் என்று வாத்தியாருக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் வாத்தியார் அல்லவா? தப்பைக் கண்டபின் திருத்தாமல் இருக்க முடியுமா? நல்லதுக்குச் சொன்னாலும் பொய் பொய்தானே? ஒரு நல்ல மனுஷன் பெயர் கெடலாமா? இன்று சாயங்காலம் நேரே கெசியா வீட்டுக்குப் போய்விட்டார்.

அவள் மடியில் வேதபுத்தகம். முகத்தைப் பார்த்ததும் வாத்தியாருக்கு வாய் குழறியது.

"கெசியாக்கா... ஞானசிகாமணி சொல்லுத கதையில... மரத்துல ஏறினது வந்து..."

"எம்புள்ளை" என்றாள் கெசியா.



அவள் வேதபுத்தகத்துக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். மொம்பாசா தபால் முத்திரை. அப்பாத்துரையின் கோணல் கையெழுத்து.

'அம்மாவுக்கு ஸ்தோத்திரம். சிங்கம் வந்தது. நான் பயந்து மரத்தில் ஏறிவிட்டேன். அது என்னைத் தொடர்ந்து வந்தபோது அண்ணன்தான் கொள்ளியோடு குறுக்கே பாய்ந்தார். அவர் முதுகெல்லாம் ரத்தம். அவருக்காக ஜெபம் பண்ணுங்கள்.'

"தம்பி ஊருக்கு வாரதுக்கு முந்தியே இது வந்துட்டு. இப்படி ஒரு காகிதம் இருக்குன்னு தம்பிக்குத் தெரியாது."

"அப்ப, தெரிஞ்சிருந்துமா அந்த ஆளு ஊரு சிரிக்க நிக்கிறதைப் பாத்துக்கிட்டு இருந்திய? பொண்ணு வேற தட்டிப் போச்சே!"

"தட்டிப் போவல. நேத்து ஆழ்வார்குறிச்சிக்குப் போயி, பொண்ணோட அப்பாகிட்ட இதைக் காட்டிட்டுத்தான் வந்தேன். கிறிஸ்மஸ் கழிஞ்சு கல்யாணம். நீரு வச்ச பட்டத்தை நீரே எடுத்துரும்."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "சரிக்கா. ஆனா ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அந்த ஆளுகிட்டயே சொல்லிட்டா என்ன?"

கெசியா காகிதத்தை மடித்து வேதபுத்தகத்துக்குள் பத்திரமாக வைத்தாள்.

"எம்புள்ளை பேருக்காக வாராவாரம் ஒரு மனுசன் மரத்துல ஏறுதாரு, வாத்தியாரே. எறங்குன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"