ஷார்ஜாவில் ஒரு வீடு

"அந்த வீட்டை இங்க ஒருத்தராவது கண்ணால பாத்திருக்கீங்களா?"

மஞ்சக்குப்பத்து ஓட்டல் ஹாலில் அத்தனை பேரும் திரும்பினார்கள். கடைசி வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கசங்கிய சேலை, வாராத தலை.

மேடையில் அருள்முருகன் பேச்சை நிறுத்தினான். வெளிநாட்டில் வீடு வாங்கித் தரும் ஏஜென்ட். அவனுக்குப் பின்னால் திரையில் நீலக் கண்ணாடி போட்ட அடுக்குமாடி. கட்டி முடித்தாயிற்றாம், சாவி கொடுக்க வேண்டியதுதான் பாக்கியாம். இன்றே பணம் கட்டினால் விலையில் சலுகை. கட்டாதவர்களுக்கும் மதியம் பிரியாணி உண்டு.

"அம்மா, கேள்வியெல்லாம் கடைசியில கேளுங்க. உக்காருங்கம்மா," என்றான்.

"கடைசியிலன்னா? செக்கு வாங்கினப்புறமா?"

"பிரியாணிக்கு வந்த கேசு," என்றார் முன்வரிசையில் ஒருவர். ஹாலே சிரித்தது. கோட்டு போட்டவன் பேச்சுக்கு நம் ஆட்கள் தரும் மரியாதையே தனி.

செக்யூரிட்டி போய் அவள் தோளைப் பிடித்தான்.

"யோவ், அவுங்க மேல கை வெக்காத!" அருள்முருகன் மைக்கிலேயே கத்திவிட்டான். உடனே குரலைத் தணித்துக்கொண்டான். "பெரியவங்க, ஏதோ கோவத்துல இருக்காங்க. அம்மா, சாப்புட்டுட்டு வீட்டுக்குப் போங்கம்மா."

"எவ்ளோ தன்மையான புள்ள பாருங்க," என்றாள் சௌந்தரம், பக்கத்தில் இருந்த கணவர் தில்லைநாதனிடம்.

இருவரும் கீரப்பாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். ஒரே மகள் சுவேதா ஷார்ஜாவில் நர்ஸ். நாலைந்து பேரோடு ஒரே அறையில் முடங்கிக் கிடக்கிறாளே என்று சௌந்தரத்துக்கு மனசு ஆறவில்லை. இருந்த நிலத்தை விற்றுவிட்டார்கள். அந்தப் பணம் மொத்தமும் செக்காகத் தில்லைநாதனின் சட்டைப்பையில் இருந்தது. அது போனால் அவர்களுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

முதல் ஆளாகக் கொடுத்துவிடலாம் என்று தில்லைநாதன் மேடைக்குப் போனார். அந்தம்மா விறுவிறுவென்று வந்து குறுக்கே நின்றுகொண்டாள்.

"அண்ணே, குடுக்காதீங்க."

"வழிய வுடும்மா. எங்க பொண்ணுக்கு நாங்க வாங்குறோம். உனக்கு என்னா வயித்தெரிச்சல்?"

"பொண்ணு எங்க இருக்குது?"

"அங்கதான், ஷார்ஜாவுல."

"வீடும் அங்க, பொண்ணும் அங்க. ஒரு எட்டு போய் பாத்துட்டு வாடின்னு சொல்ல வேண்டியதுதான?"

தில்லைநாதன் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சா நெலத்த விக்க வுடாது. சாவி குடுக்குற அன்னைக்கு சொல்லிக்கலாம்னு தம்பிதான்..."

"தம்பி சொல்லுவாரு, சொல்லுவாரு! பொண்ணு பேர்ல வீடு, அது பொண்ணுக்கே தெரியக்கூடாது. இப்பவே போன் போடுங்க. அது சரின்னு சொல்லட்டும், நான் ஒதுங்கிக்கிறேன்."

அருள்முருகன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அம்மா, வேணாம். பொழப்ப கெடுக்காதீங்க."

"கெடுப்பேன். என்னா செய்வ? போலீச கூப்புடு, கலெக்டர கூப்புடு. எவன் வந்தாலும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

இவள் வாயை அடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது சௌந்தரத்துக்கு. எரிச்சலோடு எழுந்து வந்து மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டாள். வாசலில் கொடுத்த நோட்டீசில் இருந்த வீட்டு விலாசத்தைப் படித்துக் காட்டினாள்.

"அந்த எடமா? எங்க ஆஸ்பத்திரி பஸ்ஸு தெனமும் அந்த வழியாத்தாம்மா போவுது," என்றாள் சுவேதா. "அங்க லாரிதான் நிறுத்தி வெச்சிருப்பாங்க. சுத்திலும் மணலு. வீடு ஒண்ணும் இல்லியே! ஏம்மா, யாரு கேட்டா?"

சௌந்தரம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தில்லைநாதன் சட்டைப்பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் அருள்முருகனைத் தேடினார்கள். ஆள் இல்லை. சமையல்கட்டு வழியாக வெளியே போய்விட்டான். பைக் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

ஹால் அமளிதுமளிப்பட்டது. போன மாதமே பணம் கட்டியிருந்த சிதம்பரத்துக்காரர் அன்பரசு, நேராக அந்தம்மாவிடம் பாய்ந்தார்.

"அவன் போன் சுவிட்ச் ஆஃப்ங்குது! நீ சும்மா கெடந்திருந்தா ஆளு கையில இருந்திருப்பான். இப்பிடி ஓட வுட்டுட்டியே!"

"இவளும் கூட்டாளியா இருப்பா. ஆள உஷார் பண்ணி அனுப்பிட்டா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவன் குடுத்த விசிட்டிங் கார்டுல இருக்குற விலாசமும் டூப்ளிகேட்டாதான் இருக்கும்." அன்பரசுக்கு அழுகையே வந்துவிட்டது. "இனிமே அவன நாங்க எங்கன்னு போய் தேடுறது?"

அந்தம்மாவின் கண் நிறைந்திருந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தேட வேணாம். நெல்லிக்குப்பத்துல மில்லுக்குப் பின்னாடி, பச்சை கேட்டு போட்ட வீடு. பசி தாங்க மாட்டான், பொழுது சாஞ்சா சோத்துக்கு வந்துருவான். நான் பெத்த புள்ளதான். போலீச கூட்டிக்கிட்டு வாங்க, கதவ நானே தொறந்து வுடுறேன்."