ராசா புழங்கும் மாளிகை

“புழங்காத கட்டடமா? என்னங்க பேச்சு இது?”

அரண்மனைக் காவல்காரர் ஆண்டிச்சாமிக்கு மீசை துடித்தது.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து மூன்று மாதம். குளத்தூர்ப் பக்கத்துக் கோடை அரண்மனையை ஆபீசாக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார் அதிகாரி நாச்சியப்பன். இடுப்புக்கு மேலே சிப்பியும் சுருள்கொடியுமான சுதை வேலைப்பாடு இல்லாமல் ஒரு சாண் சுவர்கூடச் சும்மா இல்லை. கூரையெங்கும் சிறகு முளைத்த சுதைக் குழந்தைகள். எண்ணினால் குளத்தூர் சனத்தொகையைத் தாண்டும்.

“ராசா புழங்குற வீடுன்னா தொடமாட்டோம். இல்லைன்னா நாளைக்கே மேசை, பீரோ எல்லாம் வந்திரும்.”

“பீரோ வைப்பீங்களா? இங்கிட்டு வாங்க.” கையைப் பிடித்து இழுக்காத குறை. “கட்டில் மெத்தையைப் பாருங்க. ஆளு படுக்காமலா இந்தப் பள்ளம் விழும்?”

யானை படுத்து எழுந்தாற்போலத்தான் இருந்தது.

“சரவிளக்குக் கொக்கி ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?”

“ராசா ஊஞ்சல் கட்டி ஆடுவாங்க. அதுக்கும் ஒங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?”

“சுவர்ல இடுப்பு உசரத்துக்குக் கரிக்கோடு?”

“உக்காந்து படம் வரைவாங்க.”

நாச்சியப்பன் சன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தார். “அந்த ரெண்டு சலவைக்கல் பொம்மைக்கும் நடுவுல கயிறு எதுக்கு?”

“தொரைமாரோட பந்தடிக்க. இவ்வளவு புழங்குன மனுசரைப் புழங்கலைங்கிறீங்களே, ஒங்களுக்கே அடுக்குமா?”

நாச்சியப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. ‘ராசா புழங்கும் மாளிகை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜீப்பில் ஏறினார்.

புழுதி அடங்கியதும் ஆண்டிச்சாமி பின்கதவைத் திறந்தார். புதருக்குள்ளிருந்து அவர் மனைவி மருதாயி கைக்குழந்தையோடு வந்தாள். பின்னால் ஏழு பிள்ளைகள், கரித்துண்டும் கையுமாக. அவர்களுக்கும் பின்னால் மூன்று ஆடுகள்.

“அநியாயத்தைப் பாத்தியா? நம்ம புள்ளைக எழுதிப் படிக்கிற சுவத்துல பீரோ வைப்பாராம்.” ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை அவருக்கு.

மருதாயி கொக்கியில் தூளியைக் கட்டிக் குழந்தையைப் போட்டாள். ஈரச் சேலையைக் காயப்போடத் தோட்டத்துக் கயிற்றுப் பக்கம் போனவள், வாசலில் நின்றாள்.

“ஒருவேளை, ராசாவே வந்துட்டா?”

“கட்டி முப்பது வருசமாச்சு. ஒரு கோடைக்காச்சும் ஊட்டியை விட்டு இங்கிட்டு எட்டிப் பாத்திருப்பாரா அந்த மனுசன்?” என்றபடி ஆண்டிச்சாமி மெத்தையில் சாய்ந்தார். பள்ளம் அளவெடுத்தாற்போலப் பொருந்தியது.