கதவுக்கு வெளியில

"ஆயா, பாப்பாவை உள்ள விட்டுடாதே. கடைசி அத்தியாயம் ஓடிட்டிருக்கு," என்றாள் நாவலாசிரியை, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"விடலம்மா," என்றாள் தேநீரோடு வந்தவள்.

"அழுத்தக்காரி. கதவைத் தட்டவும் மாட்டா, நகரவும் மாட்டா. இது முடியட்டும், அப்புறம் அவளை மடியை விட்டு இறக்கவே மாட்டேன்னு சொல்லு."

"முதல் நாவலப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"அப்ப நீ இங்க இருந்தியா?"

"இருந்தேம்மா. கதவுக்கு வெளியில."

நாவலாசிரியையின் பேனா நின்றது. "இப்ப அழறாளா, பாரேன்."

அம்மாவுக்குத் தன் முகம் மறந்துபோன நாளிலிருந்து ஆயாவாகிவிட்ட அந்த ஐம்பது வயதுப் பாப்பா, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. சமத்தா உட்கார்ந்திருக்கா. நீங்க எழுதுங்க."