அடுத்து என்ன, ரக்னா?

அடைப்பானைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஹால்வர் கேட்டார். "ரக்னா, அடுத்து என்ன பண்ணணும்?"

"கையில வச்சிருக்கியே, அத மாட்டணும். மாட்டாம இறக்கினா படகு நேரா மீன் வீட்டுக்குத்தான் போகும்" என்றாள் அவர் மனைவி.

ஹால்வர் தலையைச் சொறிந்தார். பிறகு குனிந்து, படகின் பின்பக்கத் துளையில் அதைத் திருகினார். பக்கத்தில் நின்ற அவர் மகன் எய்வின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குளிர்காலம் முழுக்கக் கரையில் கிடக்கும் படகுக்குள் மழைத்தண்ணீர் தேங்காமல் வடியத்தான் அந்தத் துளை. மே மாதம் பிறந்தால் அதை அடைத்து, பதினேழாம் தேதி தேசிய நாள் வருவதற்குள் படகைக் கடலில் இறக்கிவிடுவது ஊர் வழக்கம். அப்பாவுக்கு அது தூக்கத்தில்கூட வரும் வேலை. இப்போது அடைப்பான் கையில் இருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னது சரிதான். "உங்கப்பா முன்ன மாதிரி இல்லப்பா. ஒவ்வொண்ணுக்கும் உங்கம்மா முகத்தத்தான் பாக்குறாரு."

எய்வினுக்குக் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை. கிறிஸ்துமஸுக்குக்கூட வராதவன், இதைக் கேட்டதும் லீவு போட்டு ஓடிவந்திருந்தான். பெர்கனில் இருக்கும் அக்கா மாரித் கறாராகச் சொல்லியிருந்தாள். "இன்னிக்கிப் பாரு. அப்பாவால முடியலன்னா படக வித்துடு. ஞாபகம் தப்புற மனுஷன நம்பி அம்மாவக் கடலுக்கு அனுப்ப முடியாது."

விஷயம் அம்மா காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். வந்ததும் கட்டிப்பிடித்தான், கட்டை மாதிரி நின்றாள். பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றும்போது, "பால் விடட்டுமா? சர்க்கரை எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டாள்.

கோபம் வந்தால் அம்மா அப்படித்தான், மரியாதை தூக்கலாகிவிடும். பத்து வயதில் அவன் பந்தடித்து ஜன்னலை உடைத்தபோதும் ஒரு வாரம் 'வாங்க, போங்க'தான். பால் விட்ட காப்பி அவனுக்கு ஆகாது என்று தெரிந்தும் விட்டாளே, அதுவும் கோபக் கணக்கில்தான் சேர்த்தி. ஒரே மகன் படகை விற்க வந்து நின்றால் கொஞ்சவா செய்வாள்? மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தான்.

"ரக்னா, இந்தப் பட்டைய இப்பவே அவுத்துடவா?"

"பின்ன, டிரெய்லரோட சேத்து மிதக்க விடப்போறியா?"

அவரை நகரச் சொல்லிவிட்டு அவளே அவிழ்த்தாள். மோட்டார் தரையில் இடிக்காமல் தூக்கி வைத்தாள். ஹால்வர் காரில் ஏறி, டிரெய்லரைக் கடலுக்குள் இறங்கும் சரிவில் பின்னால் தள்ளினார். கண்ணாடியைப் பார்க்காமல் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "எந்தப் பக்கம், ரக்னா?" என்று கத்தினார்.

"இடது! இடது! அட மனுஷா, உன் இடது இல்ல, என் இடது!"

வரிசையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். படகு இறக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் சத்தம் போடாமல் இருந்தால்தான் இங்கே அதிசயம். ஆனால் அப்பா இந்தச் சரிவில் யாரிடமும் வழி கேட்ட ஆளில்லை. எய்வினுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே அழுகையும் முட்டியது.

அம்மா டிரெய்லர் கொக்கியைக் கழற்றினாள். படகு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. "நீ இல்லன்னா நான் என்ன கதியாயிருப்பேன்!" என்று ஹால்வர் கைதட்டினார். அவள் பெருமையாகக் கயிற்றைப் பிடித்துப் படகைத் துறைப்பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

எய்வின் கார் கதவருகே போனான். "அப்பா, படக வித்துடலாம். ஆள் பாத்தாச்சு."

ஹால்வர் அவனைப் பார்க்கவில்லை. துறையில் நடக்கும் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஒரு கோடை மட்டும் விட்டுடுடா."

"விளையாடுறீங்களா? நடுக்கடல்ல ஏதாவது மறந்துபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"அவ இருக்காளே. நான் கேட்டுக்கிட்டே இருந்தா படகு சமாசாரம் எதுவும் அவளுக்கு மறக்காது."

"அவங்களையும் சேத்து முழுகடிக்கப் போறீங்களாப்பா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே சுட்டது. ஹால்வர் அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "சரி. அப்ப நீயே போய் அவகிட்டச் சொல்லு."

எய்வின் துறைக்குப் போனான். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல், அம்மா கையிலிருந்த கயிற்றை வாங்கித் துறையின் இரும்பு வளையத்தில் கட்டினான். அவள் சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். முடிச்சு கையோடு வந்துவிட்டது.

காலையிலிருந்து முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். ஒருவழியாகக் கோபம் தீர்ந்தது என்று அவனுக்கு நெஞ்சு லேசானது. கண்மூடித் திறப்பதற்குள் கயிற்றை அவளே இறுக்கிக் கட்டிவிட்டு, அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"எங்க பையனும் இப்படித்தாங்க, அவன் போட்ட முடிச்சு நிக்கவே நிக்காது. எய்வின்னு பேரு, உங்களுக்குத் தெரியுமா?"