வாயில் வராத பெயர்

"நீ பேசணும்னு கட்டாயம் இல்ல. பேசுனா எழுதிக்குவாங்க. பேசாம இருந்தா அது குத்தம் இல்ல. வெளங்குதா?"

மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி செல்லப்பா இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் தலையைக்கூட ஆட்டவில்லை. பிடிபட்டதிலிருந்து இரண்டு நாளாகச் சோறு தின்பதற்கு மட்டும்தான் அவன் வாயைத் திறந்தான்.

கண்டியில் அன்று காலை மூடுபனி குளத்தை விட்டு எழுந்து பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மேசை தெரிந்தது, மேசையின் கால்கள் தெரியவில்லை. ஜன்னலில் ஹந்தானை மலை வருவதும் போவதுமாக இருந்தது. வரும்போதெல்லாம் கோப்பிப் பூ வாசமும் கூடவே வந்தது. காவலுக்கு நின்றவர்கள்கூடப் பாதித் தூக்கத்தில்தான் நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் துரையின் கையில் ஒரு கடிதம். மலைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்திலிருந்து வந்தது. 'அழகமுத்து என்பவன் பெண்சாதியோடு ஓடிவிட்டான்.' அவ்வளவுதான் அதில் இருந்தது.

மாத்தளைப் பாதையில் பிடிபட்ட இந்த இருவரும் புருஷன் பெண்சாதி என்பதில் சந்தேகமில்லை. இவன்தான் அழகமுத்துவா என்பதே கேள்வி. ஆமென்றால் ஒப்பந்தத்தை மீறி ஓடியதற்காக அவனுக்கு மூன்று மாதக் கடூழியச் சிறை, அவளுக்கு மறுபடியும் அதே தோட்டம், அதுவும் தனியாக. இல்லையென்றால் இருவரும் தங்கள் ஊரைப் பார்த்து நடக்கலாம். ஆளைப் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய கங்காணியோ ஆள் பிடிக்க இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தார்.

"மத்தியானத்துக்குள் நிரூபிக்காவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். அவன் பேசாமல் இருப்பதை அவனுக்கு எதிராக வைக்க முடியாது," என்றார் துரை ஆங்கிலத்தில்.

"பெண்சாதி இருக்கிறாளே, துரை."

"அவளும் பேசாமல் இருக்கலாம்."

"இருக்கட்டும். உங்கள் சட்டத்தில் மௌனத்துக்கு அர்த்தம் இல்லை. எங்கள் பெண்கள் விஷயத்தில் அதுதான் கைநாட்டு," என்று சிரித்தார் செல்லப்பா.

தமிழ்ப் பெண் உயிரே போனாலும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள், சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பயப்படுவாள் என்பதை விளக்கினார். அழகமுத்து என்ற பெயர் அவள் வாயில் வரவில்லையென்றால் இவன்தான் அழகமுத்து. செல்லப்பாவுக்குத் தன் மூளையின் மேல் எப்போதுமே கொஞ்சம் காதல் உண்டு. அன்று அது கூடிப்போயிருந்தது.

பெண்சாதி வடிவம்மாவைக் கூட்டி வந்தார்கள். சேலைக் கரையெல்லாம் ஈரம். கண் விழித்திருந்தாலும் பார்வை எங்கோ இருந்தது.

"ஒம் புருசன் பேரு என்னம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லாம இருக்கவும் ஒனக்கு உரிமை இருக்கு," என்றார் செல்லப்பா, அவள் சொல்லாமலே இருக்க வேண்டுமென்ற ஆசையோடு.

"அத எப்பிடிங்க சாமி வாயால சொல்றது? ஊரு எல்லையில அருவாளோட காவலுக்கு நிப்பாருல்ல, கரிய சாமி..."

"கறுப்பையாவா?"

அவள் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டாள்.

"சரி, நீயே ஒரு தடவ சொல்லிரு. கறுப்பையா."

"அய்யய்யோ, மாட்டேங்க! நாக்கு அழுகிப் போயிரும்." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செல்லப்பாவுக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் அவர் லேசில் விடுகிற ஆளில்லை.

"அழகமுத்துன்னு ஒருத்தனத் தேடுறோம். தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அந்தப் பேரச் சொல்லு, பாப்போம்."

ஜன்னலில் மலை மறைந்தது. துரை பேனாவைக் கீழே வைத்தார். செல்லப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அழகமுத்து," என்றாள் வடிவம்மா. கடையில் உப்பு, புளி கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

"இப்பிடி இல்ல. கம்பிகிட்டப் போயி, அவன் மூஞ்சியப் பாத்துச் சத்தமாக் கூப்புடு. அடே அழகமுத்துன்னு கூப்புடு!"

அவள் போனாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அடே அழகமுத்து!"

அந்தச் சத்தம் பனிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. உள்ளே இருந்தவன் நிமிரவே இல்லை. யாரையோ யாரோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்லப்பா தோற்றுப்போனார். "இவன் கறுப்பையாதான், துரை. கட்டின புருஷனை 'அடே' போட்டுக் கூப்பிடும் தமிழச்சி இன்னும் பிறக்கவில்லை."

துரை சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மாத்தளைப் பாதையில் அவன் முன்னால் நடந்தான். அவள் நாலடி பின்னால் நடந்தாள். கண்டி நகரம் அவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக்குள் கரைந்து காணாமல் போனது. இரண்டு வளைவு தாண்டியதும் அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து, தன் வாயிலேயே படபடவென்று அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"மாரியாத்தா, தண்டிக்கிறதுன்னா என்னயத் தண்டிச்சிரு!"

அவன் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அடிக்கிற கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு நாளுக்குப் பிறகு பேச வாயைத் திறந்தான்.

"எட்டு வருசத்துல இன்னக்கித்தான் எம் பேரு ஒன் வாயில வந்துச்சு. இன்னொரு வாட்டி கூப்புடு, புள்ள... அந்த 'அடே'ய மட்டும் விட்டுரு."