விடுபட்ட வாரங்கள்

மார்ச் 12. ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். ஆலோசனையால் துக்கம் எப்படிக் குறைகிறது என்பதுதான் மாலை வகுப்பில் என் புள்ளியியல் பயிற்சி. மனைவியை இழந்து, மலேசியாவின் ஜாசின் ஊரில் நான் வேலை செய்யும் ஆலோசனை நிலையத்துக்கு வந்த கொர்னேலியஸ் அங்கிள், நான்காவது வாரத்தோடு நின்றுவிட்டார். மீதி வாரங்களின் துக்க மதிப்பெண்களை நானே குறைத்துக் குறைத்துப் போட்டு நிரப்பினேன்.

இன்று ஆலோசகர் கேத்லீன் அக்கா சொன்னார்: "அவரு நாலாவது வாரத்தோடவே இறந்துட்டாரு லா. நான் சொல்லலையா?"

நான் நிரப்பிய வாரங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

மாலையில் இறந்துபோன அங்கிளே வந்து என் எதிரே உட்கார்ந்தார். "துக்கம் நீ போட்ட மாதிரியே கொறைஞ்சிருச்சிமா. கடைசி வாரத்துக்கு எவ்ளோ போட்டே?"

"ஸீரோ, அங்கிள்." அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்லது. அழிச்சிராதே."

நாளை காலை: அங்கிள் வேண்டாம் என்றாலும், நான் போட்ட பொய் மதிப்பெண்களை அழிக்க வேண்டும்.