நாலாவது பாட்டு

விமர்சகர் இன்னும் உயிரோடு இருப்பதே இசையமைப்பாளனுக்கு எரிச்சலாக இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, விரலை எச்சிலில் நனைத்து, அவனுடைய நாடகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதைக் கொன்றவர், இன்று இதற்கு உயிர் கொடுக்கலாமா என்று தீர்ப்புச் சொல்லப் போகிறாராம்.

இது அரங்க நிர்வாகி அம்மாளின் யோசனை. ஓடாமல் போன இசை நாடகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மறுபடி மேடையேற்றுவது. காலையிலிருந்து ஆறு தோல்விகளைக் கேட்டு முடித்திருந்தார்கள். ஒன்றில் நிஜக் குதிரை வந்ததாம். நடிக்கத் தெரிந்தது அதற்கு மட்டும்தானாம்.

ஏழாவது இவனுடையது. பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் நடக்கும் காதல் கதை.

முதல் நாளே செத்த நாடகம் அது. அந்த ஊரில் மூன்றாம் வரிசை ஓர நாற்காலி விமர்சகருடையது. ஜனங்கள் மேடையைப் பார்ப்பதைவிட அந்த நாற்காலியைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அவர் தலையாட்டினால் ஆட்டுவார்கள், கொட்டாவி விட்டால் விடுவார்கள். சொந்தமாக ஒரு கொட்டாவி விடக்கூடத் துப்பில்லாத கூட்டம்.

நாலாவது பாட்டில்தான் அது நடந்தது. வரவேற்பறைப் பெண் டோக்கன் எண்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அழுகிற பாட்டு. பாடியது அவன் தங்கை. 'இருபத்தேழு' என்று அவள் உச்சிக்குப் போன நொடியில் விமர்சகர் விருட்டென்று எழுந்தார். குடை, கண்ணாடி, நோட்டு எல்லாம் நாற்காலியிலேயே கிடக்க, ஓட்டமும் நடையுமாக வெளியே போனார். குடையைக்கூட எடுக்கத் தோன்றாத அளவுக்கு அருவருப்பு.

அடுத்து மூன்றாம் வரிசை எழுந்தது. பிறகு மற்ற வரிசைகள். பாட்டு முடிந்தபோது கதவுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. மறுநாள் பேப்பரில் ஒரு வரி இல்லை. திட்டுவதற்குக்கூட லாயக்கில்லை என்று விட்டுவிட்டார் போல.

அன்று திரைக்குப் பின்னால் தங்கை விக்கி விக்கி அழுதாள். அவன் அவளிடம் ஒன்றுதான் சொன்னான். "உன் குரல்தான் என்னைக் கொன்னுது. இனிமே வாயைத் திறக்காதே."

அவள் திறக்கவில்லை. மேடையிலும் இல்லை, அவனிடமும் இல்லை. குழந்தையைத் தூங்க வைக்கக்கூடப் பாடுவதில்லை என்று அவள் கணவர் ஒருமுறை போனில் சொன்னார். குழந்தை தப்பித்தது என்று இவன் போனை வைத்தான்.

வயிற்றுப் பாட்டுக்கு, கம்பெனிகளுக்குப் போன் செய்தால் காத்திருக்கும்போது ஒலிக்குமே, அந்த மெட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தான். மற்ற நேரமெல்லாம் நாலாவது பாட்டைத் திருத்தினான். பத்தொன்பது முறை. கடைசியில் பாட்டையே தூக்கிவிட்டு, அந்த இடத்தில் டாக்டரும் நோயாளிகளும் குதிக்கிற ஒரு டான்ஸை வைத்தான். நோயைக் கண்டுபிடித்து அறுத்தாகிவிட்டது. இனி இந்தக் கிழவனால் குறை சொல்ல முடியாது.

அறை மூலையில் இருந்த பியானோவில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினான். நிர்வாகி அம்மாள் டான்ஸுக்குக் காலால் தாளம் போட்டாள். விமர்சகர் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

முடிந்ததும் அவர் தாளைக் கீழே வைத்தார். முதல் மூன்று பாட்டும் பரவாயில்லை என்றார். டான்ஸ் குப்பை என்றார். பிறகு தாளை மறுபடி எடுத்து, எதையோ தொலைத்தவர்போல முன்னும் பின்னும் புரட்டினார்.

"நாலாவது பாட்டு எங்கய்யா?"

"அதை எடுத்துட்டேன் சார்."

"எடுத்துட்டியா? இந்த நாடகத்தை லிஸ்ட்ல சேர்க்கச் சொன்னதே நான்தான். அந்த ஒரு பாட்டுக்காக."

நிர்வாகி அம்மாளும் தலையை ஆட்டினாள். நேற்று முழுக்க அவர் அந்தப் பாட்டைப் பற்றித்தான் பேசினார் என்றாள்.

விமர்சகர் விடவில்லை. "நாப்பது வருஷமா இந்த ஊர்ல கண்ட கண்ட கூச்சலைக் கேட்டிருக்கேன். குரல்னு சொன்னா அந்தப் பொண்ணு குரல்தான். அவ வந்து அதைப் பாடினா நாடகம் உண்டு. இல்லேன்னா குதிரையைக் கூப்பிட்டுக்கறோம். அவ இப்ப எங்கே பாடறா?"

இசையமைப்பாளன் பியானோவின் மூடியைப் பிடித்துக்கொண்டான். எந்த முகத்தோடு போய் அவள் வீட்டு வாசலில் நிற்பது?

"அந்தப் பாட்டுலதானே சார் நீங்க எழுந்து போனீங்க? ஊரே உங்க பின்னாடி போச்சே."

"நான் எங்கய்யா போனேன்? திரும்பி வந்து பார்த்தா ஹால்ல ஒரு ஈ காக்கா இல்ல. பாதி நாடகத்தைப் பார்த்துட்டு நான் என்னத்தை எழுத?"

"அப்போ ஏன் சார் எழுந்தீங்க?"

விமர்சகர் நிர்வாகி அம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தார். மேஜைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு எனக்கு வயித்தால போயிட்டிருந்துதுய்யா."